பந்தி மண்டபத்துப் பபூனின் வாய்

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் இதைச் சொல்கிறவன் நிழலைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். என் பெயர் தங்கப்பழம். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடப் படி மிதித்ததில்லை. பதினொரு வயதில் உப்பளத்தில் உப்பு வாரினேன். இருபது வயதில் ஒரு கட்டு மூங்கிலும் ஒரு கட்டு ஓலைக்கீற்றும் வைத்துக்கொண்டு பந்தல் போட ஆரம்பித்தேன். இன்றைக்குத் தூத்துக்குடியில் பந்தல், மேடை, நாற்காலி, மைக்செட் என்று பேச்செடுத்தால் என் பெயரைத் தாண்டிப் போக முடியாது. நாலு லாரி ஓடுகிறது. முதலில் நாற்பது என்று எழுதி, அதை அடித்துவிட்டு நாலு என்று போட்டிருக்கிறேன். ஏன் அடித்தேன் என்பது போகப் போகத் தெரியும். புயலில் மூன்று முறை பந்தல் பறந்தது, மூன்று முறையும் மறுநாளே கட்டினேன். கடைசியாக, ஓட்டப்பிடாரம் போகிற ரோட்டில், எட்டு வருடமாக, செங்கல் செங்கலாக ஒரு கல்யாண மண்டபமே கட்டிவிட்டேன். இத்தனைக்கும் பள்ளியில் படித்ததும் மறந்துபோய், நாற்பது வயது வரை கைநாட்டுத்தான். பத்திர ஆபீசில் குமாஸ்தா என் இடது பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்கிவிட்டு, "என்ன அண்ணாச்சி, ரேகைக்குக் குறுக்கே ரயில் ரோடு ஓடுது?" என்று சிரித்தார். உப்பு வாருகிற பலகை சின்ன வயதில் கிழித்த தழும்பு அது.

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நான் நம்பினவன் இல்லை. சுடலைமாடன் கொடைத் திருவிழாவுக்கு மயானத்தில் பந்தல் போட்டுவிட்டு அங்கேயே துண்டை விரித்துத் தூங்கியிருக்கிறேன். எவனாவது அங்கே உருவம் தெரிந்தது, கொலுசுச் சத்தம் கேட்டது என்று ஆரம்பித்தால், "ஏலே, முதல்ல வயித்தைச் சுத்தம் பண்ணு" என்பேன். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். அதுவும் ராத்திரி நடந்தது இல்லை. பட்டப்பகல், மணி ஒன்றரை.

மண்டபம் முடிகிற நேரத்தில் பந்தி மண்டபத்துப் பெரிய சுவர் வெறுமையாகக் கிடந்தது. இலைக்கு முன்னால் உட்கார்கிறவன் நிமிர்ந்தால் அந்தச் சுவர்தான் கண்ணில் படும். என் மகன் முருகேசன் அங்கே ரோஜாப்பூப் படம் போட்ட பிளக்ஸ் ஒட்டலாம் என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கோயில் கொடைகளுக்குப் பந்தல் போட்டு, விடிய விடிய நாடகத்தைப் படுதாவுக்குப் பின்னாலிருந்து பார்த்தவன் நான். ராஜாவும் ராணியும் பாடுகிறபோது பாதி ஊர் தூங்கும். பபூன் வந்தால் போதும், தூங்குகிற குழந்தைகூட எழுந்து உட்காரும். அந்தச் சிரிப்புக்காரர்களைத்தான் வரைய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நடுவில் பபூன், அவன் பக்கத்தில் டான்ஸ்காரி, பிறகு மூடின கையைத் திறக்காத கஞ்சக் கிழவன், காது கேளாத மாமியார், பெரிய மீசை வைத்துக்கொண்டு பூனைக்குப் பயப்படுகிற சேவகன். எந்த ஊர் நாடகமானாலும், என்ன கதையானாலும் இந்த ஐந்து பேரும் எப்படியாவது உள்ளே வந்துவிடுவார்கள்.

வரைய எஸ்தர் வந்தாள். கடற்கரைப் பக்கத்துப் பெண், வள்ளங்களுக்குப் பெயர் எழுதியே கை பழகினவள். சுவர் முழுக்க ஆள் உருவம் வரைவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. "அண்ணாச்சி, இது நல்லா வந்துட்டுன்னா இனிமே படகு நம்பர் எழுதுத வேலைக்கு என்னை யாரும் கூப்பிட மாட்டாக" என்று சொல்லிவிட்டுத்தான் சாரத்தில் ஏறினாள். நன்றாகத்தான் வரைந்தாள். ஆனால் பபூனில் ஒரு தப்புச் செய்துவிட்டாள். போட்டோவுக்கு நிற்கிறவன் மாதிரி நேரே பார்க்க வைத்து, இரண்டு பக்கமும் சமமாகச் சிரிக்க வைத்துவிட்டாள்.

நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், பபூன் ஜனங்களைப் பார்த்துப் பேச மாட்டான். மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற மிருதங்கக்காரரைப் பார்த்துத்தான் பேசுவான். அவரை மாமா என்பான், மச்சான் என்பான், வம்புக்கு இழுப்பான். பபூன் ஒரு பொய்யை அளந்துவிட்டதும் மிருதங்கக்காரர் 'தொம்' என்று ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டு விழுந்தால்தான் ஜனம் சிரிக்கும். இதை எஸ்தரிடம் சொன்னேன்.

"மிருதங்கக்காரரை எங்கன அண்ணாச்சி உக்கார வைக்க? இந்தப் பக்கம் கைகழுவுத இடம் வந்துட்டு, நாலு முழம் செவருதான் மிச்சம் கெடக்கு. அதுல அடக்க முடியாது."

சரி, விடு என்று விட்டுவிட்டேன். அந்த நாலு முழம் வெள்ளையாகவே கிடந்தது.

இப்போது நான் மறைத்து வைத்ததைச் சொல்ல வேண்டும். பபூனை வரையச் சொன்னது ஊரார் சிரிப்பதற்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் அது என் மனைவி ராசகனிக்காக. எங்கள் தெருவிலேயே பெரிய சிரிப்பு அவளுடையது. அவள் சிரித்தால் எதிர்வீட்டு நாய் குரைக்கும். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் எழுந்து வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. முகவாதம். வைத்தியம் பார்த்தோம், மூட முடியாமல் இருந்த கண் சரியானது. வாய் மட்டும் இடப்பக்கம் இழுத்தபடியே நின்றுவிட்டது. அன்றையிலிருந்து முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள், சிரிக்க மாட்டாள், யாராவது வந்தால் அடுக்களைக்குள் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை மண்டபத்தில் பால் காய்ச்ச வேண்டும். வீட்டுக்காரிதான் காய்ச்ச வேண்டும், வேறு யாரும் கூடாது.

"கோண வாயை வச்சிக்கிட்டு ஊரு முன்னாடி என்னை நிக்கச் சொல்லுதியளா?" என்றாள். "முருகேசன் பொண்டாட்டி காய்ச்சட்டும். நான் வரல."

"ஏளா, நீ வரலைன்னா அந்த மண்டபம் எனக்கு எதுக்கு?"

"கல்யாணத்துக்கு விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான். எட்டு வருடமாகக் கட்டின கட்டிடம் அந்த ஒரு பேச்சில் எனக்கு வெறும் செங்கல் குவியல் மாதிரி ஆகிவிட்டது.

இது புதன்கிழமை. மத்தியானம் எஸ்தர் சாப்பிடப் போனாள். கொத்தனார்கள் வேலை முடிந்து முந்தின நாளே போய்விட்டார்கள். முருகேசன் ஹார்பருக்கு லாரி விஷயமாகப் போயிருந்தான். பின்கதவை வெளிப்பக்கம் பூட்டியாயிற்று. முன் ஷட்டரை உள்ளே இறக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு பபூனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மூன்று படி ஏற வேண்டுமென்றாலும் பிடித்துக்கொள்ள ஒருத்தர் தோள் வேண்டும். பபூன் முகம் தரையிலிருந்து பதினோரு அடி உயரத்தில் இருந்தது.

ஆத்தூரில் இருக்கிற என் சம்பந்திக்குப் போன் போட்டேன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார், நல்ல மனிதர், நான் எவ்வளவு பேசினாலும் கேட்பார். மண்டபத்தின் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டே வந்தேன். "இம்புட்டு லாரியும் இந்த மண்டபமும் ஒருத்தன் துணை இல்லாம, தனி ஆளா நின்னு கட்டுனது சம்பந்தி" என்றேன்.

தொம்.

தண்ணீர்த் தொட்டி மூடி காற்றில் அடிக்கிறது என்று நினைத்தேன். கடல் காற்று அப்படித்தான் அடிக்கும். "நாப்பது லாரிய ஓட்டுதவன் நான்" என்றேன்.

தொம்.

"என்ன சம்பந்தி, அங்கன நாடகம் நடக்கா? யாரோ மிருதங்கம் வாசிக்காகளே" என்றார் அவர். அவர் காதிலும் விழுந்திருக்கிறது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

சத்தம் வந்தது அந்த வெள்ளைச் சுவரிலிருந்து. கைகழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், மிருதங்கக்காரர் உட்கார வேண்டிய இடத்திலிருந்து. எழுந்து போய்த் தட்டிப் பார்த்தேன், செங்கல் சுவர்தான். திரும்ப வந்து உட்கார்ந்து, மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "என் பேரு தங்கப்பழம்." சத்தம் இல்லை. "எனக்கு நாலு லாரி." சத்தம் இல்லை. "பத்து லாரி." தொம்! நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, அந்த நேரத்தில் எனக்குப் பயம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தேன். எழுபது வயதில் தனியாக உட்கார்ந்து சுவரோடு விளையாடுகிறேன். "சின்ன வயசுல நான் சினிமாக்காரன் மாதிரி இருப்பேன்." தொம். "ராசகனிதான் என்னைப் பாத்து மயங்குனா." தொம், தொம், இரண்டு தட்டு. "தனி ஆளாத்தான் பந்தல் தொழிலை ஆரம்பிச்சேன்." தொம். அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதல் சாமியானாத் துணி முழுவதையும் ராசகனிதான் மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து கையால் தைத்தாள். அதை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. "சரி வே மிருதங்கம், ராசகனி தச்சா" என்றேன். சத்தம் இல்லை.

அதற்குப் பிறகு வெற்றிலை போட்டது ஞாபகம் இருக்கிறது. காற்று நன்றாக வந்தது. கண் அசந்துவிட்டது போல.

ஷட்டரை எஸ்தர் தட்டுகிற சத்தத்தில் விழித்தேன். சாவி இடுப்பிலேயே இருந்தது. திறந்தேன். உள்ளே வந்தவள் சுவரைப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, என் படத்துல யாரு கை வச்சது?"

பபூனின் கண்மணி இரண்டும் வெள்ளைச் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தன. சமமாக இருந்த வாய் இடது கன்னத்தை நோக்கி இழுத்துக்கொண்டு கிடந்தது. ஆனால் அழுகிற கோணல் இல்லை, நூறு பொய் சொல்லிவிட்டு நூற்றியோராவது பொய்யை வாய்க்குள் அடக்கி வைத்திருக்கிறவனுடைய கோணல்.

"வேற பெயிண்டரைக் கூட்டிட்டு வந்தியளா? புடிக்கலைன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏளா, பூட்டுன மண்டபத்துக்குள்ள நான் ஒருத்தன்தான் கெடக்கேன். நானா வரைவேன்? எனக்குக் கோலம் போடக்கூடத் தெரியாது."

கோபத்தோடு சாரத்தில் ஏறினாள். துடைப்பதற்குத் தின்னரும் துணியும் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறினாள். பக்கத்தில் போய்ப் பார்த்தவள் துணியைக் கீழே இறக்கிவிட்டாள். "அண்ணாச்சி, பிரஷ் தடமே இல்ல. ஒரே இழுப்பு. விரலால இழுத்துருக்கு."

சரியாக அந்த நேரத்தில் பின்கதவு திறந்தது. ராசகனி. மத்தியான மாத்திரையை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். உச்சி வெயிலில் தெருவில் ஆள் இருக்காது என்று ஆட்டோ பிடித்து, பின்பக்கமாக வந்து, வீட்டில் இருந்த இன்னொரு சாவியால் திறந்திருக்கிறாள். கையில் மாத்திரை டப்பா, வாயில் முந்தானை. கட்டிடம் எழும்பினதற்குப் பிறகு அவள் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து பபூனைத்தான் பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். முந்தானை தானாக நழுவியது. அவன் வாய் எந்தப் பக்கம் இழுத்திருக்கிறதோ அதே பக்கம்தான் அவள் வாயும் இழுத்திருந்தது.

கிண்டல் பண்ணுவதற்காக வரையச் சொன்னேன் என்று நினைத்துவிட்டால்? ஐந்து மாதமாக அவள் மனம் நோகாமல் ஒரு வார்த்தை சொல்ல எத்தனை யோசித்தேன், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"ஏளா எஸ்தரு," என்றாள் ராசகனி. "இவன் எனக்கு அண்ணனா, தம்பியா?"

"அக்கா, நான் இப்பத் தொடைச்சிருதேன்" என்று எஸ்தர் துணியை எடுத்தாள்.

"தொட்டுப் பாரு, கையை ஒடிச்சிருவேன். இந்த ஊருலயே என்னை மாதிரி ஒருத்தன் இப்பத்தான் வந்து நிக்கான், அவனையும் அழிக்கப் போறியோ?" சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அதுக்காக வெள்ளிக்கெழம நான் வந்து நிப்பேன்னு மனக்கோட்டை கட்டாதிய. நான் வர மாட்டேன்."

தொம்.

மூன்று பேருக்கும் கேட்டது. எஸ்தர் சாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். ராசகனி அந்த வெள்ளைச் சுவரையே பார்த்தாள். பிறகு பபூனைப் பார்த்தாள். அவன் கண்ணும் அதே சுவரில்தான் இருந்தது. "வரவே மாட்டேன்" என்றாள் மறுபடியும், வேண்டுமென்றே, கொஞ்சம் சத்தமாக.

தொம்.

சிரித்தாள் பாருங்கள். ஐந்து மாதச் சிரிப்பு. மண்டபம் முழுவதும் எதிரொலித்தது, ரோட்டில் போன நாய் ஒன்று குரைத்தது, அது எங்கள் எதிர்வீட்டு நாயாக இருக்க முடியாது, ஆனால் குரைத்தது. எஸ்தர் மேலே நின்றபடி சிரிக்கிறாள், சாரம் ஆடுகிறது. நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை ராசகனி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஊர் முன்னால் பால் காய்ச்சினாள். பொங்கி வழிந்தபோது அவள் போட்ட குலவைதான் பெரிய சத்தம். பந்தியில் உட்கார்ந்த பெண்கள் எல்லோரும் பபூனைப் பார்த்துவிட்டு வாயை ஒரு பக்கம் இழுத்து இழுத்துச் சிரித்தார்கள். கோண வாய் அன்றைக்கு ஒரு நாகரிகம் மாதிரி ஆகிவிட்டது. எஸ்தருக்கு அங்கேயே இரண்டு ஓட்டல் சுவர்கள் பேசி முடிவாயிற்று. அன்றைக்கு மிருதங்கம் கேட்கவில்லை. இருநூறு பேர் இரைச்சலில் எங்கே கேட்பது?

எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் என் இடது பெருவிரலைக் கவனித்தேன். நகத்துக்கு அடியில் சிவப்பு. வெற்றிலைச் சாறு என்றான் முருகேசன். மோந்து பார்க்கச் சொன்னேன். பெயிண்ட் வாசனை.

மறுநாள் மத்தியானம், அதே நேரத்தில், ஷட்டரை இறக்கிவிட்டுத் தனியாகப் போய் உட்கார்ந்தேன். "இந்த வாயை எஸ்தர் வரைஞ்சா" என்றேன். தொம். "முருகேசன் வரைஞ்சான்." தொம். "பபூன் தானே இழுத்துக்கிட்டான்." தொம். "நான் வரைஞ்சேன்" என்றேன்.

சத்தமே இல்லை. காற்றுகூட நின்றுவிட்டது போல இருந்தது.

எஸ்தரைக் கூப்பிட்டு வாய் ஓரத்தை ஏணியில் ஏறிப் பக்கத்தில் போய்ப் போனில் படம் எடுக்கச் சொன்னேன். பெரிதாக்கிக் காட்டினாள். இழுப்பு முடிகிற இடத்தில் ஒரு பெருவிரல் ரேகை, ரேகைக்குக் குறுக்கே ரயில் ரோடு.

சரி, நானே வரைந்தேன் என்றே வைத்துக்கொள்வோம். தூக்கத்தில் எழுந்து வரைந்திருப்பேன். ஆனால் இந்த முட்டியை வைத்துக்கொண்டு பதினோரு அடி எப்படி ஏறினேன்? இதையும் ஒரு மத்தியானம் கேட்டுப் பார்த்தேன். "நான் தனியாத்தான் ஏறுனேன்" என்றேன்.

தொம்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. யார் தோள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை, இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். அந்த நாலு முழச் சுவரில் இன்றுவரை எதையும் வரைய விடவில்லை. எவ்வளவு பெரிய கல்யாணமானாலும் அதற்கு முன்னால் ஒரு நாற்காலி அகலம் விட்டுத்தான் பந்தி போடுகிறோம். இந்தக் கட்டுரையையும் அங்கே உட்கார்ந்து, வரிக்கு வரி வாய்விட்டுப் படித்துத்தான் எழுதியிருக்கிறேன். நாற்பது எப்படி நாலு ஆனது என்று இப்போது தெரிந்திருக்கும். மிச்சம் இருக்கிற வரி எதற்கும் அங்கே தொம் விழவில்லை.

ஆகவே என் மகனுக்கும் எஸ்தருக்கும் ஊராருக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வாசலில் கல்லில் 'உரிமையாளர் தங்கப்பழம்' என்று பொறித்திருக்கிறீர்கள். அது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. சுவரின் கீழ் மூலையில் 'ஓவியம்: எஸ்தர்' என்று மட்டும் எழுதியிருக்கிறதே, அது பாதிதான். ஆள் அவளுடையது, அந்த வாய் அவளுடையது இல்லை என்று அவளே சொல்கிறாள். ஜனங்கள் சிரிப்பார்கள் என்று முருகேசன் தள்ளிப் போடுகிறான். சிரிக்கட்டும், அதற்குத்தானே அந்தச் சுவர்? என் மனைவியைச் சிரிக்க வைத்த அந்த ஒரு கோடு என்னுடையது. கைநாட்டும் வைத்தாயிற்று, மிருதங்கமும் மறுக்கவில்லை. எஸ்தர் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 'வாய்: தங்கப்பழம்' என்று எழுதுங்கள். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக விடுங்கள். அது யாருக்கு என்று தோள் கொடுத்தவருக்குத் தெரியும். ஆனால் முதலில் என் பெயரை எழுதுங்கள்.